காலுக்கு அடியில் இன்னொரு பிரேக்

சாப்பாட்டு மேசைக்கு அடியில் 'பிரேக் அக்கா'வின் வலது கால் தரையை ஓங்கி அழுத்துகிறது. எதிரே மகள் தண்ணீர் ஜக்கைக் கொஞ்சம் வேகமாகச் சாய்த்துவிட்டாள், அவ்வளவுதான்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அக்காவின் தொழில். பழகுகிறவர் பக்கம் ஒரு பிரேக், அக்கா பக்கம் இன்னொன்று. வருஷக்கணக்கில் அதன்மேலேயே குடியிருந்த கால், வண்டியை விட்டு இறங்கினாலும் சும்மா இருப்பதில்லை. சினிமாவில் கார் துரத்தல் வந்தால் முன் இருக்கைக்காரர் முதுகில் உதை விழும். அவர் திரும்பி முறைத்தால், "ஹீரோ சிக்னல மதிக்கிறானா, நீங்களே சொல்லுங்க சார்" என்று அவரிடமே அக்கா நியாயம் கேட்பார்.

இன்று வீடே பரபரக்கிறது. பள்ளியின் கடைசி இரண்டு வருஷத்துக்குத் தமிழைச் சாதாரண நிலையில் படிப்பதா, உயர்நிலையில் படிப்பதா என்று மாலைக்குள் மகள் கணினியில் பதிந்தாக வேண்டும். சாதாரணம் என்றால் மதிப்பெண் கொட்டும். உயர்நிலையில் வறுத்தெடுப்பார்கள். ஆனால் திக்கிப் பேசும் பிள்ளைகளைப் பேசவைக்கும் படிப்புதான் வேண்டும் என்று மகள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். அந்தப் படிப்புக்கு உயர்நிலைத் தமிழ் இல்லாதவர் விண்ணப்பத்தைப் பல்கலைக்கழகம் தொடுவதே இல்லை. போன தேர்வில் தமிழில் அவள் கரையேறியதே பெரும்பாடு. உயர்நிலையில் கவிழ்ந்தாலோ மொத்த மதிப்பெண்ணும் சரிந்து எந்தப் படிப்புக்கும் இடம் கிடைக்காது.

"சாதாரணத்தையே போட்டுட்டு நிம்மதியா இருடி. வேற படிப்பா இல்ல?"

"வண்டியே கெளம்பல, அதுக்குள்ள மிதிக்கிறியேம்மா!"

அக்கா கணவரைப் பார்க்கிறார். "ஏங்க, நீங்களாவது சொல்லுங்களேன்."

"நான் பின்சீட்டு. பெல்ட் போட்டாச்சு."

"கவுந்துட்டா என்னடி பண்ணுவ?"

"நிமித்திட்டுத் திரும்ப எழுதுவேன். உன்கிட்ட பழகுறவங்க எத்தன பேரு ஃபெயிலாகுறாங்க! யாரையாவது 'இனிமே நடந்தே போங்க'ன்னு சொல்லியிருக்கியா?"

போன வாரம்தான், அக்காவிடம் பழகி, பலமுறை தோற்றுக் கடைசியில் லைசென்ஸ் தேர்வில் தேறிய தையல்காரம்மா நடுத்தெருவில் அவரைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். அக்காவும் சேர்ந்துதான் குதித்தார்.

மகள் கணினியை இழுத்து, 'உயர்நிலை' என்ற கட்டத்தின்மேல் அம்புக்குறியை நிறுத்துகிறாள். முகமெல்லாம் சிரிப்பு. "அம்மா, போலாமா?"

மேசைக்கு அடியில் வலது கால் துடிக்கிறது.

"கண்ணாடியப் பாத்தியா? பாத்துட்டேல்ல? எடு, எடு!" என்ற அக்கா, செருப்பை உதறிவிட்டு, இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலிமேல் சம்மணம் போட்டுக்கொள்கிறார்.