டாங்கிக்கு எது முன்பக்கம்

போர்ப் படம் என்றாலே எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸ் பசங்களுக்கு ஒரு திமிர் வந்துவிடும். ஊரான் டாங்கியைத் திரையில் பார்க்கிறான், எங்கள் அப்பாக்கள் அதைச் செய்கிறார்கள். அந்தத் திமிரில்தான் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் இரண்டாம் வருஷத்தில் கல்லூரிப் பட்டிமன்றத்துக்குப் பேர் கொடுத்தேன். போர்ப் படத்துக்குத் தேவை உண்மையா, பொழுதுபோக்கா என்பது தலைப்பு. நான் உண்மைக் கட்சி. எதிர்க்கட்சியில் என் வகுப்புத் தோழன், கோவில்பதாகையில் தலைமுறையாக நெல் விளைவித்த குடும்பத்துப் பையன். அவன் மைக்கைத் தொட்டாலே கூட்டம் சிரிக்கும். அதற்கு முன் அவனிடம் மூன்று மேடையில் தோற்றிருந்தேன். டாங்கி விஷயத்திலேயே தோற்றால் அப்புறம் கேன்டீன் பக்கம் தலைகாட்ட முடியாது.

அப்போது ஒரு டப்பிங் போர்ப் படம் ஓடிக்கொண்டிருந்தது. வேண்டுமென்றே அவனையும் மேட்னிக்கு இழுத்துக்கொண்டு போனேன். எதிரியின் டாங்கி பீரங்கிக் குழலை முன்னால் நீட்டிக்கொண்டு பாய்ந்து வருகிறது. ஹீரோ மரக்கிளையிலிருந்து அதன் மேல் குதிக்கிறான். தியேட்டரே விசிலில் அலறியது. நான் மட்டும் கெக்கெக்கே என்று சிரித்தேன்.

"இன்னா மச்சான், அவன் உசுரக் குடுத்து குதிச்சிகினு கீறான், நீ சிரிச்சிகினு கீறே?"

"டாங்கியையே தப்பா காட்றான்டா. ஓடும்போது குழல் பின்பக்கம்தான் பார்த்திருக்கும்."

"பின்பக்கமா? அப்போ எதிரிய, 'அண்ணாத்தே, கொஞ்சம் சுத்தி வா'ன்னு கூப்புடுவானா?"

என்னிடம் ஆதாரம் இருந்தது. சின்ன வயசிலிருந்து நெமிலிச்சேரி பக்கம் ரயில்வே கேட்டில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு நாங்கள் பார்க்கும் காட்சி அது. சுவர் இல்லாத வேகன்களில் தார்ப்பாய் போட்ட டாங்கிகள் வரிசையாகப் போகும். தார்ப்பாய் விலகிய இடத்தில் பார்த்தால் ஹெட்லைட் ஒரு பக்கம், குழல் நேர் எதிர்ப்பக்கம். ஒன்று இரண்டல்ல, அத்தனையும் அப்படித்தான். காரணத்தையும் பிசிக்ஸ் மூளை கண்டுபிடித்து வைத்திருந்தது. பின்னால் சுட்டால் உதை முன்னால் தள்ளும், டீசல் மிச்சம். மூன்றாம் விதி. குவார்ட்டர்ஸில் இதை ஒருத்தனும் மறுத்ததில்லை, ஏனென்றால் எல்லோரும் அதே கேட்டில் நின்று பார்த்தவர்கள்தான். அப்பாவிடம் கேட்கலாமே என்று நினைப்பீர்கள். ஃபேக்டரி விஷயத்தை வீட்டில் பேசக் கூடாது என்பது எங்கள் வீடுகளில் சாமி கும்பிடுவது மாதிரி ஒரு பழக்கம். டெஸ்டிங் செக்ஷனில் பத்துப் பதினைந்து வருஷம் வேலை பார்த்த அப்பா, 'இன்னைக்கு வெயிலு' என்பதைத் தாண்டி எதுவும் சொன்னதில்லை.

படத்தில் பதினோரு தப்பு கண்டுபிடித்து எழுதினேன். முதல் தப்பு, குழல்.

பட்டிமன்றத்துக்கு நாலு நாள் முன்பு ஆயுத பூஜை. அன்று மட்டும் குடும்பத்தை ஃபேக்டரிக்குள் விடுவார்கள். பையில் பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். லேத்து, டிரில்லிங் மெஷின் எல்லாம் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு நின்றன. கடைசியாகத் திடலுக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே ஒரு டாங்கி. முகப்பில் ரெண்டு பக்கமும் வாழைக்கன்று, குழலில் சாமந்தி மாலை, சக்கரங்களைச் சுற்றிய பட்டைச் சங்கிலிக்கு அடியில் ரெண்டு எலுமிச்சம்பழம். மாலை போட்ட குழல் ஹெட்லைட் இருக்கும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னப்பா, திருப்பி வச்சிருக்காங்க?" என்றேன்.

அப்பா திருநெல்வேலிக்காரர். "எவம்ல திருப்புனான்? இதாம்ல முன்பக்கம்."

"ரயில்ல போறப்போ பின்னாடிதானே இருக்கும்?"

"ரயில்ல ஏத்துனா பின்னால திருப்பிக் கட்டிருவோம். முன்னால நீட்டிக்கிட்டுப் போயி எதுலயாவது இடிச்சா என்னல செய்ய? சண்டைக்கும் கட்டிப் போட்டா அனுப்புவாவ? பிசிக்ஸ் படிக்கான் பாரு."

காது எரிந்தது. அப்புறம் இன்ஜினைப் போட்டார்கள், காது என்று ஒன்று இருந்ததே மறந்துவிட்டது.

அதிர்வு முதலில் பாதத்தில் ஏறியது. அப்புறம் முழங்கால், விலா, பல். கையிலிருந்த பையில் பொரி தானாகக் குதித்தது. கருப்புப் புகையைக் கக்கிவிட்டு அது நகர்ந்தது. பழம் இருந்த இடத்தில் ஒரு ஈரம், அவ்வளவுதான். வீடு மாதிரி கனமான ஒரு பொருள் ஆட்டுக்குட்டி மாதிரி ஓடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மேட்டில் ஏறிப் பள்ளத்தில் விழுந்தது, அதன் உடம்பு முழுக்கத் தூக்கிப் போட்டது. குழல் மட்டும் அசையவே இல்லை. தூரத்தில் இருந்த ஒரு தென்னை உச்சியைப் பார்த்தபடி காற்றில் ஆணி அடித்தது போல நின்றது. டாங்கி இடப்பக்கம் திரும்பியது, குழல் அதே தென்னையைப் பார்த்தது. வலப்பக்கம் திரும்பியது, அப்போதும் அதே தென்னை. இதைப் படத்தில் காட்டியிருந்தால் 'சுத்த டூப்பு' என்று பன்னிரண்டாவது தப்பாக நானே எழுதியிருப்பேன்.

அப்பா பக்கத்தில் நின்று எனக்கு எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். வாய் அசைந்தது, விரல் அங்கே இங்கே காட்டியது. முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக வேலையைப் பற்றிப் பேசுகிறார், எனக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. அவர் அதற்குள்தான் தினமும் உட்கார்ந்துவிட்டு வந்து 'இன்னைக்கு வெயிலு' என்று சொல்லியிருக்கிறார். வாயைப் பிளந்து நின்றேன். அதைவிடக் கௌரவமாக அதைச் சொல்ல முடியாது.

பட்டிமன்ற மேடையில் ஏறியதும் பட்டியலைப் பையிலேயே வைத்துவிட்டேன். "என் முதல் பாயின்ட் தப்பு. படம்தான் சரி" என்று ஆரம்பித்தேன். ஹால் சிரித்தது. கவலைப்படாமல் திடலில் பார்த்ததைச் சொன்னேன். மெல்ல மெல்ல சத்தம் அடங்கியது. பின் வரிசைக் கூட்டம்கூட வாய் மூடியது. ஜெயித்துவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது. அந்தச் சுகத்தில் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்: "அந்த ரெண்டு எலுமிச்சம்பழமும் நசுங்கின சத்தம், டப், டப், இன்னும் என் காதுல இருக்கு."

கைதட்டல் பின்னி எடுத்தது. பதில் சொல்ல அவன் எழுந்தான்.

"மாமே, ஒரே டவுட்டு. பக்கத்துல நிக்கிற நைனா பேசுனதே கேக்கலன்னே. பழம் நசுங்குனது மட்டும் எப்புட்றா கேட்டுச்சு?"

ஹால் வெடித்தது.

"கேக்கல, உட்டான் ஒரு டப்பு. ஏன்னா அது இருந்தாத்தான் நீங்க கையத் தட்டுவீங்க. அதாங்க பொழுதுபோக்கு. உண்மைக் கட்சி தலைவரே எங்க கட்சிக்கு வந்துட்டாரு, ஒரு மாலை எடுத்துனு வாங்கப்பா!"

நாலாவது மேடையும் போயிற்று. பஸ்ஸில் அம்பத்தூர் தாண்டும்வரை அவன் சிரித்துக்கொண்டே வந்தான். அப்புறம் திடீரென்று சீரியஸாகக் கேட்டான். "மெய்யாலுமே குழல் அசையலியாடா? இல்ல, அதுவும் நீ உட்டதா?"

"எங்கப்பா மேல சத்தியம்டா."

"வர்ற வருசம் ஆயுத பூஜைக்கு என்னிய தம்பின்னு சொல்லி உள்ள இட்னு போ மச்சான்" என்றான்.