உட்கார இடமில்லாத அட்டவணை

“மலேல பொறந்தா மல தெரியும் எண்டு யாரு புள்ள சொன்ன?”

வேலை கேட்டுப் போன முதல் நாள் நானா என்னிடம் கேட்டது இது. மாவனல்லையில், கண்டி வீதியோரம், ஓர் இரும்புக் கடையின் மேல் மாடியில் ஒற்றை அறை. அதுதான் அவருடைய வேன் கம்பனி. வயது ஐம்பதைத் தாண்டியவர், பஜாரில் எல்லோருக்கும் அவர் நானா, அண்ணன்தான். இரண்டு வேன்களும் கல்யாண வீட்டுக்கும் விமான நிலையத்துக்குமே ஓடிக்கொண்டிருந்தன. கொழும்பு ஆட்கள் இப்போது மலையேறக் கேட்கிறார்கள், பயணத் திட்டம் போட்டுக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுத்தான் போயிருந்தேன்.

சான்றிதழ்களை மேசைமேல் வரிசையாக வைத்தேன். உயர்தரத்தில் புவியியலுக்கு ஏ. அதற்குப் பிறகு சுற்றுலாத் துறையில் ஒரு வருடப் படிப்பு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். அம்மா கையெழுத்துப் போடப் பழகியதே என் ரிப்போர்ட் கார்டில் போடுவதற்காகத்தான்.

“மலை தெரியும்னு நான் சொல்லல நானா. மேப் தெரியும்.”

அவர் சான்றிதழ்களைப் பார்க்கவில்லை, என் செருப்பைப் பார்த்தார். “சரி, ஆறு மாசம் பாப்போம். நல்லா வந்தா கடிதம் தாறேன்” என்றார்.

அந்தக் கடிதம் எனக்கு எதற்குத் தேவைப்பட்டது என்பதை அவரிடம் சொல்லவில்லை. கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் அம்மா பால் வெட்டுகிறாள். அப்பா இல்லை. அம்மாவுக்கு ஓய்வு வயது, இந்த வருடக் கடைசியோடு அவள் பெயரை வேலையாட்கள் பதிவான செக்ரோலில் இருந்து எடுத்துவிடுவார்கள். நாங்கள் இருக்கும் லயத்து வீடு தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குத்தான். வீட்டில் யாராவது ஒருவர் வேலைக்குப் பெயர் பதிந்தால் இருக்கலாம் என்று தோட்டத்துக் கிளாக்கர் சொல்லியிருந்தார். யாராவது ஒருவர் என்றால், வீட்டில் அம்மாவை விட்டால் நான்தான். மாவனல்லையில் ஓர் அறை வாடகைக்குப் பார்த்து வைத்திருந்தேன். வீட்டுக்காரர் நிரந்தர வேலைக் கடிதம் கேட்டார்.

ஆக, கடிதம் கிடைத்தால் அறை. கிடைக்காவிட்டால் விடியற்காலையில் பால் வாளியும் வெட்டுக் கத்தியும்.

ஐந்தாவது மாதத்தில் வந்தது அந்த அழைப்பு. கொழும்பிலிருந்து ஐந்து ஆசிரியைகள், ஒன்றாகப் படித்தவர்கள், எல்லோருக்கும் ஐம்பது வயது. மூன்று நாள் பயணம் கேட்டார்கள். வழியெல்லாம் பார்ப்பதற்கு அழகாக இருக்க வேண்டும், ஒரு நாள் முழுக்க நடக்க வேண்டும், கூட்டம் இருக்கக் கூடாது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் வடக்குப் பக்கத்தைச் சொன்னேன். மாத்தளை, ரத்தோட்டை வழியாக ஏறினால் ரிவஸ்டன் கணவாய். அதைத் தாண்டி இறங்கினால் பிட்டவல பத்தனைப் புல்வெளி, இலுக்கும்புர என்ற கிராமம், அதற்குமேல் மணிகல என்ற நீண்ட மலை. ஆசிரியைகளில் ஒருவர்தான் எல்லோருக்குமாகப் பேசினார். “அந்த மணிகல உச்சிக்குப் போகணும். அதுதான் எங்களுக்கு முக்கியம்” என்றார்.

நானா என்னைப் பார்த்து, “இது சரியாப் போனா கடிதம்” என்றார்.

இடவிளக்கப் படத்தில் சமவுயரக் கோடுகளை எண்ணி முதலில் ஒரு கணக்குப் போட்டேன். ஆனாலும் நடந்து பார்க்காமல் எழுதக்கூடாது என்று படித்திருந்தேன். தனியாகப் போக அம்மா விடவில்லை. பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா தினத்துக்கு முதல் நாள் இரண்டு பேரும் பஸ் மாறி மாறிப் போய், இலுக்கும்புரவில் விருந்தாளிகளுக்கு அறை கொடுக்கும் ஒரு வீட்டில் தங்கினோம். விடிந்ததும் மணிகலவில் ஏறினோம். அடிவாரத்தில் அம்மா ஒரு கல்லில் சூடம் கொளுத்தப் போனாள்.

“காட்டுல நெருப்பு வைக்கக் கூடாதும்மா. புடிச்சிட்டுப் போவாங்க.”

“முனிக்குச் சொல்லாம ஏறுனா அவரு புடிச்சிட்டுப் போவாரு. யாரு புடிச்சா தேவல, சொல்லு.”

சூடத்தைக் கொளுத்தாமல் கல்மேல் வைத்துவிட்டு நடந்தோம். அம்மா முன்னால், நான் பின்னால் கொப்பியும் கையுமாக. ஒன்றேமுக்கால் மணித்தியாலத்தில் மேலே நின்றோம். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் நிமிடக் கணக்கு எடுத்திருந்தேன். கொழும்புக்காரர்கள் என்பதால் கால் மணித்தியாலம் கூட்டி, இரண்டு மணித்தியாலம் என்று எழுதினேன். தட்டச்சு செய்து, கோடு போட்டு, நிறம் கொடுத்து, ஆசிரியைக்கும் அனுப்பிவிட்டேன். “மிக அருமை, மிஸ்” என்று பதில் வந்தது. ஓர் ஆசிரியை என்னை மிஸ் என்று எழுதியதை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன்.

நானா ஒத்திகை பார்க்க வேண்டும் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் மனைவியையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவர் மனைவியை நான் ராத்தா, அக்கா, என்று கூப்பிடுவேன். நாற்பத்தெட்டு வயது, சீனி வருத்தம் என்ற நீரிழிவு, பஜாருக்கும் பள்ளிவாசல் தெருவுக்கும் அப்பால் நடந்து பழக்கமில்லாதவர். “ஆசப்பட்டா, சரி வா எண்டு சொல்லிட்டேன்” என்றார் நானா.

காலை ஒன்பது மணிக்கு ஏறத் தொடங்கினோம். அட்டவணைப்படி பதினொன்றுக்கு உச்சி. பதினொரு மணிக்கு நாங்கள் மூன்றில் ஒரு பங்குகூட ஏறியிருக்கவில்லை. ராத்தா பத்து அடிக்கு ஒரு தடவை நின்றார். நின்ற இடத்தில் உட்காரப் பார்த்தார். அங்கே சரிவும் முள்ளும்தான் இருந்தன.

“புள்ள, அடுத்ததா ஒக்கார்ற எடம் எங்க?”

கொப்பியைப் புரட்டினேன். எல்லாத் திருப்பமும் இருந்தது. எல்லா நிமிடமும் இருந்தது. உட்காரும் இடம் என்று ஒன்றுகூட இல்லை. எந்தப் பாறை தட்டையானது, எந்த மரத்தடியில் நிழல் விழும், எங்கே நீர் ஓடுகிறது, எதையும் நான் குறித்திருக்கவில்லை. அம்மா எங்கேயும் உட்காரவில்லையே. பால் வெட்டுகிறவர்கள் வெயில் ஏறுமுன் அத்தனை மரத்தையும் முடிக்க வேண்டும். வெயில் வந்தால் பால் ஓட்டம் நின்றுவிடும். சரிவில் ஏறும்போது உட்கார்ந்தால் கங்காணி பெயர் சொல்லிக் கூப்பிடுவார். சிரட்டையில் பால் நிறையும் வரைக்கும்தான் உட்காரலாம், அதுவும் எல்லா மரமும் வெட்டின பிறகு. மலை என்றால் ஒரே மூச்சில் ஏறுவது என்றே நானும் வளர்ந்திருந்தேன். அது ஒரு வேகம் என்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பிறகு ராத்தாவின் கணுக்காலில் அட்டை ஏறியது. ஒன்றில்லை, ஏழெட்டு. அவர் சத்தம் போடவில்லை. வெளுத்துப்போய், என் தோளைப் பிடித்துக்கொண்டு, “இது என்ன, இது என்ன” என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். அட்டைகளைப் பற்றியும் நான் எழுதியிருக்கவில்லை. எங்கள் பக்கம் மழை பெய்தால் அட்டை வரும். அதை யாராவது எழுதுவார்களா?

பன்னிரண்டு மணிக்கு மேலிருந்து மூடுபனி இறங்கியது. நாலு மணிக்குள் எல்லோரும் கீழே வந்துவிட வேண்டும் என்று அனுமதிச் சீட்டு கொடுத்த இடத்தில் சொல்லியிருந்தார்கள். திரும்பினோம். இறங்கும்போது ராத்தாவின் முழங்கால் நடுங்குவதைப் பின்னால் நடந்துவந்த என்னால் பார்க்க முடிந்தது.

மாத்தளை தாண்டியதும் நானா, கண்ணாடியில் என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“நல்ல டேபிள். கலர் எல்லாம் இரிக்கி. மனுசர் ஒக்கார மட்டும் எடம் இல்ல.”

“நானா, நான் திருத்திடுறேன்.”

“அந்த அஞ்சு பேரும் இந்த வெள்ளி இல்ல, அடுத்த வெள்ளி வாறாங்க. இந்தச் சனிக்கிழமக்கி முந்தி எனக்குச் சரியான ஒண்டு வேணும். இல்லாட்டி நான் அவங்களுக்குக் கண்டி டவுனக் காட்டி அனுப்புவேன். நீ வேற வேல பாத்துக்கொள்ளு புள்ள. கோவமில்ல. என்ட பேருக்குக் கொற வரப்படாது.”

திங்கள் முழுவதும் நேரங்களை மூன்றால் பெருக்கிப் பார்த்தேன். உச்சிக்குப் போய் இறங்க இருட்டிவிடும். ஒன்றரையால் பெருக்கினேன். அது யாருடைய வேகமும் இல்லை. காலை ஐந்துக்கே ஏறலாம் என்று எழுதி, ஐம்பது வயதுப் பெண்கள் ஐவரைப் பனியில் வழுக்கும் பாறைகளில் நினைத்துப் பார்த்து, அந்த வரியைக் கோடு போட்டு அடித்தேன். எனக்குக் கோபம் வந்தது, முதலில் அவர்கள்மேல். நடக்கத் தெரியாதவர்களுக்கு மலை எதற்கு? அந்த எண்ணத்தை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு மணித்தியாலம் என்று எழுதிய அன்றே அது எனக்குள் இருந்ததா என்று கேட்டுக்கொண்டேன். இருந்தது. நாங்கள் ஏறுவதை நீங்களும் ஏறிப் பாருங்கள் என்ற ஒரு சின்னத் திமிர். அதற்கு நிறம் கொடுத்து அனுப்பியிருந்தேன்.

செவ்வாய் மாலை வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலில் வாளி கழுவிக்கொண்டிருந்தாள்.

“கிளாக்கரு வந்தாரு. பேரு பதியிறதா இல்லையான்னு மாசம் முடியிறதுக்குள்ள சொல்லணுமாம்.”

“நீங்க என்னா சொன்னீங்க?”

“மக ஆபீஸ்ல வேல செய்யுதுன்னு சொன்னேன். என்னா ஆபீஸ்னு கேட்டாரு. மலை ஏறுற ஆபீஸ்னேன். அதுக்கு இங்கேயே ஏறலாமேன்னு சிரிக்கிறாரு.”

அம்மாவும் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தேன். அந்தச் சுவரில் என் சான்றிதழ்களின் பிரதிகள் ஒட்டியிருந்தன. அவற்றைப் பார்க்கப் பிடிக்காமல் மறுபக்கம் திரும்பினேன். அன்றைக்கு ஒன்று நிச்சயமாகத் தெரிந்தது: மேசையில் உட்கார்ந்து இதைத் திருத்த முடியாது. அந்த மலையில் இன்னொரு தடவை ஏற வேண்டும், அம்மாவோடு ஏறக்கூடாது. மெதுவாக ஏறுகிற ஒருவருக்குப் பின்னால் நடக்க வேண்டும். அப்படி எனக்குத் தெரிந்த ஒரே ஆளை நான்தான் இரண்டு நாளைக்கு முன் அட்டைகளுக்கு நடுவில் நிறுத்தியிருந்தேன்.

புதன்கிழமை நானா வீட்டுக்குப் போனேன். ராத்தா காலை ஒரு முக்காலியில் நீட்டி, முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“அல்லாவே. ஒரு தரம் சாகப்பாத்தது போதாதா?”

“உச்சிக்கு வேணாம் ராத்தா. நீங்க எங்க ஒக்காரணும்னு நெனைக்கிறீங்களோ அங்கெல்லாம் ஒக்காருங்க. போதும்னா திரும்பிடுவோம். நான் எழுதிக்கிட்டு வாறேன்.”

“நான் ஒக்கார்றத எழுதப் போறியா?”

“ஆமா.”

அவர் காலைத் தடவிவிட்டுக்கொண்டார். “அண்டைக்கு நான் ரெண்டாந்தரம் நிண்ட எடத்துல, கீழ வயல் படிப்படியா தெரிஞ்சிச்சு. நீ கண்டியா?”

“இல்ல.”

“நீ எங்க காண. கையில கட்டின மணிக்கூட்டத்தானே பாத்துக்கொண்டு நிண்ட.” பிறகு கேட்டார்: “அட்டைக்கி என்ன செய்ற?”

“உப்பும் சவர்க்காரமும் கொண்டு வாறேன். காலுறைக்கு மேல பூசினா ஏறாது.”

“அத அண்டைக்கே சொல்லியிருந்தா ஒனக்கு என்ன கொறஞ்சி போற? சரி. அவரிட்ட நான் சொல்லிக்கொள்றேன். சாப்பாடு நான்தான் கட்டுவேன், உன்ட பாணும் பருப்பும் எனக்கு ஏலா.”

வேன்கள் இரண்டும் வாடகைக்குப் போயிருந்ததால் பஸ்ஸில்தான் போக வேண்டும். வியாழன் பஸ் ஏறி, முன்பு தங்கிய வீட்டிலேயே ஓர் இரவு தங்கி, வெள்ளி விடிந்ததும் மலையில் நடந்துவிட்டு மாலை திரும்பலாம். சனிக்கிழமைக்கு அதற்குமேல் நேரம் இல்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. ஆசிரியையிடம் நான் அனுப்பிய இரண்டு மணித்தியாலம் அப்படியே இருந்தது. அவர்கள் அதை நம்பிக்கொண்டிருந்தார்கள். உச்சிதான் முக்கியம் என்றவரிடம் உச்சி இல்லை என்று சொன்னால் பயணத்தையே வேண்டாம் என்று விடலாம். விட்டால் கடிதம் இல்லை. சொல்லாமல், புதிய அட்டவணையை மட்டும் அனுப்பி, பாதுகாப்பு, வானிலை என்று ஏதாவது எழுதிவிடலாம். அப்படி ஒரு வாக்கியத்தை எழுதியும் வைத்திருந்தேன். நல்ல வாக்கியம்தான்.

வியாழன் காலை ஆறரைக்கு, மாவனல்லை பஸ் நிலையத்தில், ராத்தா சாப்பாட்டுப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றபோது ஆசிரியைக்கு அழைத்தேன்.

“மிஸ், நான் அனுப்பின நேரம் தப்பு. அது நானும் அம்மாவும் நடந்த நேரம். நாங்க தோட்டத்துல நடந்து பழகினவங்க. உங்களால அப்படி ஏற முடியாது. உச்சிக்குப் போக முடியும்னு நான் சொன்னதும் தப்பு.”

அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவுவது கேட்டது.

“நீங்கதானே ரெண்டு மணித்தியாலம்னு எழுதித் தந்தீங்க? நாங்க லீவும் போட்டாச்சு.”

“நான்தான் மிஸ். எங்க வரைக்கும் போகலாம்னு பாக்கத்தான் இப்ப போய்க்கிட்டிருக்கேன். நாளைக்குப் பின்னேரம் சரியானத அனுப்புறேன்.”

“நாங்க அஞ்சு பேரும் பேசிட்டுச் சொல்றோம்” என்று வைத்துவிட்டார். குரலில் ஒன்றும் பிடிபடவில்லை.

நானாவிடம் இதை அவர்கள் சொல்வதற்கு முன் நானே சொல்ல வேண்டும் என்று அவருக்கும் ஒரு செய்தி எழுதி அனுப்பினேன். கண்டி பஸ் வந்தது. ராத்தாவை ஜன்னலோரம் ஏற்றிவிட்டு, இரண்டு சீட்டு எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். கொப்பியில் ஒரு புதிய பக்கம் திறந்து, மணிக்கூட்டைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். பஸ் கடுகண்ணாவ ஏற்றத்தில் திரும்பிக்கொண்டிருந்தது.