எட்டு வயதில் ஒரு வாக்குமூலம்

போன வாரம் எங்கள் நகர் நலச் சங்கத்தார் ஒரு தீர்மானத்தின் வரைவோடு வீட்டுக்கு வந்தார்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டியவள் என்பதால், எந்தக் காகிதமும் என் கை பட்டால் சட்டப்படி ஆகிவிடும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. இருங்காட்டுக்கோட்டை கம்பெனிகளில் ஷிப்ட் பார்க்கும் வடமாநிலத்துப் பையன்களுக்கு இனி யாரும் அறை வாடகைக்கு விடக்கூடாது என்பது தீர்மானம். பிள்ளை பிடிக்கிறவர்கள் கிளம்பியிருப்பதாக ஒரு குரல் பதிவு சுற்றுகிறதாம். பொருள், பார்வை எல்லாம் முறையாகப் போட்டிருந்தார்கள். பார்வை என்ற இடத்தில் ‘வாட்ஸப்’ என்று இருந்தது.

திருத்தித் தர முடியாது என்று திருப்பிக் கொடுத்தேன். இந்த விஷயத்தில் எனக்கு முன் அனுபவம் உண்டு என்பதைச் சொல்லவில்லை. சொன்னால் தலைவியாக்கிவிடுவார்கள்.

எனக்கு அப்போது எட்டு வயது. ஸ்ரீபெரும்புதூரில் வெளியூர்க்காரர்கள் என்றால் கோயிலுக்கு வரும் யாத்திரை பஸ்களில் இருந்து இறங்குகிறவர்கள்தான். அம்மாவின் தம்பி, என் மாமா, அவர்களுக்கு வழிகாட்டி. அந்தப் பதவிக்கு அவரை யாரும் நியமிக்கவில்லை; அவரே விண்ணப்பித்து, அவரே பரிசீலித்து, அவரே ஆணை பிறப்பித்துக்கொண்டார். பஸ் நிற்கிற விதத்தை வைத்தே எந்த மாநிலத்து வண்டி என்று சொல்லிவிடுவார். ஒவ்வொரு மாநிலத்தாருக்கும் அவரிடம் ஒரு குணம் இருந்தது. இன்னார் கஞ்சர்கள், இன்னார் சண்டைக்காரர்கள், இன்னாரை நம்பிப் பேச்சுக் கொடுக்கக்கூடாது. வடக்கத்திக்காரர்கள் குளிக்க மாட்டார்கள், பிள்ளை பிடிப்பார்கள். சோறு உண்ணும்போது இதையெல்லாம் எங்களுக்குச் சொல்வார். மாமா அரக்கோணத்துக்கு வடக்கே போனதில்லை.

நவராத்திரியில் எட்டாம் நாள் அது. கொலு வைத்த வீடுகளுக்குப் போவதற்காகப் பட்டுப்பாவாடை கட்டி, பூ வைத்து, என்னைத் தெருவில் விட்டிருந்தார்கள். வடக்கத்தி பஸ் ஒன்றிலிருந்து வந்தவர்கள் கோயிலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். முக்காடு போட்ட ஒரு வயதான அம்மாள் மட்டும் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். சிரித்தாள். இடுப்பில் இருந்த பையிலிருந்து கல்கண்டை எடுத்து என் கையில் வைத்தாள்; நான் அதை வாயில் போட்டுக்கொண்டேன். ஜரிகை ஓரம் வைத்த ஒரு சின்னச் சிவப்புத் துணியைப் பிரித்து என் தலையில் போட்டாள். பிறகு குனிந்து என் இரண்டு கால்களையும் தொட்டாள்.

நான் அலறினேன்.

அடுத்த நிமிடம் தெரு முழுக்க ஆட்கள். அம்மா ஓடி வந்து என் வாயில் விரலை விட்டுக் கல்கண்டைத் தோண்டி எறிந்தாள். மாமா என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“இன்னாடி பண்ணா? தூக்கப் பாத்தாளா? சொல்லு, பயப்படாத.”

கேள்விக்குள்ளேயே பதிலை வைத்து சாட்சியைக் கேட்கக்கூடாது என்று பிற்காலத்தில் பயிற்சி வகுப்பில் படித்தேன். அன்று மாமா வைத்த பதில் எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன் என்னை அவ்வளவு பேர் பார்த்ததில்லை.

“காலப் புடிச்சி இஸ்தா மாமா.”

அவள் இழுக்கவில்லை.

அதன் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. கல்கண்டு மயக்க மருந்து. துணி வாயில் அடைக்க. காலைப் பிடித்தது தூக்கிப் போக. மாமா ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட, மறுக்க யாருக்கும் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டு அத்தை அந்த அம்மாளின் முக்காட்டைப் பிடித்து இழுத்தாள். நரைமுடி கலைந்து விழுந்தது. யாரோ கன்னத்தில் அறைந்தார்கள். வளையல்கள் உடைந்து மணிக்கட்டில் ரத்தம் வந்தது. அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு என்னைக் காட்டி ஏதோ திரும்பத் திரும்பச் சொன்னாள். இந்திப் பரீட்சையில் தேறியிருந்த வாத்தியார் ஒருவரைக் கூட்டி வந்தார்கள். அவர் பாடப்புத்தகத்தில் இருந்தபடி அவள் பெயரைக் கேட்டார். அவள் சொன்னாள். அவர் அதை எங்களுக்கு மொழிபெயர்த்தார். அத்தோடு அவருடைய பாடம் முடிந்துவிட்டது.

“பேர வச்சிகினு நாங்க இன்னா சார் பண்றது?” என்றார் கூட்டத்தில் ஒருவர். கட்டி வைக்கலாம் என்று இன்னொருவர் கயிறு தேடப் போனார்.

கயிறு வருவதற்குள் பஸ் டிரைவர் வந்துவிட்டார். ஆள் எண்ணிக்கையில் ஒன்று குறைந்து தேடி வந்தவர்; மெட்ராஸில் வாடகைக்கு எடுத்த வண்டி என்பதால் தமிழ் டிரைவர். அவளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, எங்க வண்டி ஆளு, நாலு நாளா எங்கூடத்தான் வருது என்று கத்தினார். பின்னாலேயே அவளுடைய கணவரும் வந்தார்.

கூட்டம் கலைய ஆரம்பித்தது. மாமா மட்டும் விடவில்லை.

“இன்னாபா டிரைவரு, உன் ஆளுங்கள நீதான ஒயுங்கா கூட்டினு போவணும்? கண்ட எடத்துல வுட்டா இப்பிடித்தான்.”

அதாவது, தவறு நிர்வாகத்துடையது. அம்மா மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். நிஜமாவே இழுத்தாளா என்று தணிந்த குரலில் கேட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பல வருடம் கழித்து, விடுப்புப் பயணச் சலுகையில் குடும்பத்தோடு வடக்கே போனேன். போன இடமெல்லாம் எங்களை மதராசி என்றார்கள். நாங்கள் மூன்று வேளையும் இட்லிதான் தின்போம் என்று விடுதிக்காரருக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது. அவருக்கும் ஒரு மாமா இருந்திருப்பார். அங்கேயும் நவராத்திரியில் எட்டாம் நாள். அந்த விடுதிக்காரரின் அம்மா தெருவில் இருந்த சின்னப் பெண்களையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்தாள். இனிப்புக் கொடுத்தாள். தலையில் சிவப்புத் துணி போர்த்தினாள். ஒவ்வொருத்தியின் காலையும் தொட்டுக் கும்பிட்டாள். அன்றைக்கு அந்தக் குழந்தைகள்தான் அம்மன் என்று விளக்கினார்கள். எனக்கும் ஒரு தட்டில் பூரி வந்தது. சாப்பிட முடியவில்லை.

ஆனால் எட்டு வயதில் இதெல்லாம் தெரியாது. டிரைவர் முன்னால் போக, அந்த அம்மாள் எங்கள் தெரு வழியாக பஸ்ஸுக்குத் திரும்பிப் போனாள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, வெறும் உள்ளங்கைகளை மேல் பார்க்க விரித்துக்கொண்டே நடந்தாள். இரண்டு பக்கமும் வாசலில் நின்றவர்களில் யாரையும் அவள் பார்க்கவில்லை. கணவர் அவள் கையை இறக்கிவிடப் பார்த்தார். அவள் இறக்கவில்லை.

வடக்கே எல்லோரும் அப்படித்தான் நடப்பார்கள் போலிருக்கிறது என்று நான் முடிவு செய்துகொண்டேன். மறுநாள் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஒரு புது விளையாட்டு கிடைத்தது. கைகளை நீட்டி விரித்தபடி, யாரையும் பார்க்காமல், சிரிக்காமல் தெருக்கோடி வரை நடக்க வேண்டும். பெரியவர்கள் வாசலில் நின்று பார்த்துச் சிரித்தார்கள். தினமும் நான்தான் ஜெயித்தேன்.