பேட்டரி தீர்ந்த நேரத்தில் ஒரு ‘ஹவ்’

திரையின் கீழ் மூலையில் பேட்டரிப் படம் சிவந்துவிட்டது. சார்ஜர் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடக்கிறது. எடுத்துச் செருகத்தான் அலுப்பாக இருக்கிறது. செகந்திராபாத் மாரெட்பள்ளி வீட்டில் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறேன். சென்னையிலிருந்து மேலாளர் பேசிக்கொண்டே இருக்கிறார். இந்தச் சிவப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் பழைய டீம் லீட் ஞாபகம் வந்துவிடும். அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம்.

தலைமுறைகளாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம் அவருடையது, வீடு மல்காஜ்கிரியில். அவர் பேசும் தமிழில் பாதி எனக்குப் பிடிபடாது. திருநெல்வேலியிலிருந்து வந்து பேகம்பேட் அலுவலகத்தில் சேர்ந்த புதிதில், “இத இன்னைக்கே அனுப்பிரட்டுமாக்கா?” என்று கேட்டேன். “ஹவ்” என்றார். எப்படி அனுப்புவாய் என்று ஆங்கிலத்தில் கேட்கிறாராக்கும் என்று நினைத்து, நானும் விலாவாரியாக விளக்க ஆரம்பித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “ஆமான்னுதானேம்மா சொன்னேன், கைக்கு இவ்ளோ பேசறே?” என்றார். இந்த ஊரில் ஹவ் என்றால் ஆமாம், கைக்கு என்றால் எதற்கு, நக்கோ என்றால் வேண்டாம். இது தெரியாமல் ஆங்கிலம் தெரிந்த மிதப்பில் வந்திறங்கியவள் நான்.

அக்காவின் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. டயாலிசிஸ் எல்லாம் கம்பெனி காப்பீட்டில்தான் நடந்தது. அதனால் அக்காவின் வேலை போகக்கூடாது. டயாலிசிஸ் சென்டரில் கணவர் படுத்திருக்கும் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வேலை பார்ப்பார். சுவரில் இருந்த பிளக்குகள் எல்லாம் மெஷின்களுக்குத்தான். ஆக, பேட்டரி தாங்கும் வரைக்கும்தான் உத்தியோகம்.

சார்ஜ் அபாய அளவுக்கு இறங்கினால் தானாக ஸ்லீப்பில் போகும்படி எங்கள் லேப்டாப்புகளை அமைத்திருந்தார்கள். அதற்காக அக்கா ஐடி டெஸ்க் பையனோடு ஒருநாள் மல்லுக்கு நின்றார். “தூங்க வெக்கிறது நக்கோப்பா. தூங்கறப்பவும் அது கொஞ்சம் கொஞ்சமா சார்ஜ் குடிச்சிட்டேதான் இருக்கும். தீர்ந்துச்சுன்னா திறந்து வெச்சதெல்லாம் போச்சு. ஹைபர்நேட் போடு. எல்லாத்தையும் டிஸ்க்குல எழுதி வெச்சிட்டு அணையட்டும்.” அப்படி அணைந்த லேப்டாப்பை மறுபடி சார்ஜரில் செருகித் திறந்தால், பாதியில் விட்ட வரி அப்படியே இருக்கும்; கர்சர்கூட விட்ட இடத்திலேயே துடித்துக்கொண்டிருக்கும். “எனக்கும் அந்த செட்டிங்கைப் போட்டு விடேன்” என்று அந்தப் பையனிடம் சொல்லிச் சிரித்தார்.

ஆனால் அபாய அளவு என்று ஒன்று வந்தால்தானே ஹைபர்நேட் ஆகும்? நாளாக நாளாக அந்த பேட்டரி பொய் சொல்ல ஆரம்பித்தது. இன்னும் இருபது சதவீதம் இருக்கிறது என்று காட்டும். அடுத்த நிமிடம் ஒன்றுமே இருக்காது. பட்டென்று செத்துப்போகும். மாற்றிக் கொடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அக்காவும் அந்த பேட்டரி மாதிரிதான். எப்படி இருக்கீங்க என்று யார் கேட்டாலும் “ஓடுது” என்பார். கண்ணுக்குக் கீழே கறுத்துக்கிடப்பதைப் பார்த்துக்கொண்டே நாங்களும் அதை நம்பினோம்.

ஒரு பிற்பகல் மீட்டிங்கில் அவர் டயாலிசிஸ் சென்டரிலிருந்து சேர்ந்திருந்தார். புதிதாக ஒரு பெரிய வேலை வந்திருந்தது. மேலாளர் பரிவாகத்தான் கேட்டார்: “உங்களால முடியலையா மேடம்? வேற யார்கிட்டயாவது குடுத்துடட்டுமா?” “ஹவ்” என்றார் அக்கா. முடியவில்லை என்று அவர் ஒப்புக்கொண்டு நான் கேட்டது அன்றைக்குத்தான். மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் முகம் திரையிலிருந்து போய்விட்டது.

மேலாளர் சிரித்தார். “பாத்தீங்களா? ஹவ்-ங்கறாங்க! இன்னொருத்தர்கிட்ட எப்படிக் குடுப்பீங்கன்னு கேக்கறாங்க. இந்த ஸ்பிரிட்தான் வேணும்.” வேலை அக்கா தலையிலேயே விழுந்தது.

மீட்டிங் முடிந்ததும் அக்காவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். “நீங்க ஆமான்னுதான் சொன்னீங்கன்னு சார்ட்ட சொல்லிரட்டுமாக்கா?” மெஷினின் கீச்சொலிக்கு நடுவே, “நக்கோம்மா” என்றார். “முடியலன்னு சொல்றவளை எவ்ளோ நாள் வெச்சுப்பாங்க? வேலை போச்சுன்னா இவருக்கு இன்ஷூரன்ஸ் போச்சு. ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டேன். அவரு தப்பாப் புரிஞ்சுக்கிட்டதே நல்லதாப் போச்சு.” எனக்கு அழுகையாக வந்தது. அன்று சேமிக்காமல் போனதையெல்லாம் அவர் வீட்டுக்குப் போய் மறுபடி முதலிலிருந்து அடித்தார்.

மறுவருடம் அவருடைய கணவர் இறந்துபோனார். காரியங்கள் முடிந்து அலுவலகம் வந்த அன்றே அக்கா லேப்டாப்பை ஒப்படைத்துவிட்டு வேலையை விட்டுவிட்டார். மேலாளருக்கு ஒரே ஆச்சரியம். அவ்வளவு ஸ்பிரிட் உள்ளவர் ஏன் போகிறார் என்று என்னிடமே கேட்டார்.

இப்போது அந்த இடத்தில் நான் இருக்கிறேன். அதே மேலாளர், அதே பரிவு. “இதையும் நீங்களே பாத்துக்கறீங்களா மேடம்? இல்ல, முடியலையா?”

“ஹவ்” என்கிறேன்.

அவர் சிரிக்க ஆரம்பிக்கிறார். “ஹவ்னா இந்த ஊர்ல ஆமான்னு அர்த்தம் சார். முடியல” என்கிறேன். சிரிப்பு நின்றுவிடுகிறது. சார்ஜரை நான் எடுக்கவில்லை. என் பேட்டரி புதிது, பொய் சொல்லாது; அக்காவைப் போல நானும் ஹைபர்நேட் போட்டு வைத்திருக்கிறேன். அபாய அளவு வந்ததும், எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, லேப்டாப் அணைகிறது. எனக்கொன்றும் அக்காவைவிடத் தைரியம் அதிகமில்லை. என் வேலையை நம்பிக் கட்டிலில் யாரும் படுத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.