போதும்பொண்ணு என்று பெயர் வைத்தவர்கள்

புதிதாக வரும் எந்த டீச்சரும் வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு வந்ததும் அரை மூச்சு நிறுத்துவார். அதுவரை அமுதா, இந்திரா, கலாவதி என்று மடமடவென ஓடிக்கொண்டிருந்த குரல், சோற்றில் கல் கடித்ததுபோல் சட்டென்று நிற்கும். தலைக்கு மேல் மின்விசிறி கிறீச்சிடுவது அந்த நேரத்தில்தான் காதில் விழும். முதல் பெஞ்சிலிருந்து 'களுக்'கென்று ஒரு சிரிப்பு புறப்படும். அதற்குப் பிறகுதான் என் பெயர் வரும், அதுவும் நம்பிக்கையில்லாத குரலில்.

என் பெயர் போதும்பொண்ணு. சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். காத்திருந்து எனக்குப் பழக்கம்தான்.

மதுரைக்கு மேற்கே, கிணற்றுப் பாசனத்தை நம்பிப் பிழைத்த எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெயர் அது. ஒரு வீட்டில் வரிசையாகப் பெண்ணாகவே பிறந்துகொண்டிருந்தால், மூன்றாவதற்கோ நான்காவதற்கோ இந்தப் பெயரை வைத்துவிட வேண்டும். சாமி அதைக் கேட்டு, 'அடடா, இவர்களுக்குப் பெண் போதும் போலிருக்கிறதே' என்று தன் தவறைத் திருத்திக்கொண்டு அடுத்ததை ஆணாக அனுப்பிவைக்கும். மேலே இருக்கிறவருக்கு விண்ணப்பம் போட இவர்களுக்கு ஒரு துண்டுக் காகிதம் கிடைக்கவில்லை. பிறந்த பிள்ளையின் நெற்றியில் எழுதி அனுப்பினார்கள். பெயரின் தோற்றம், பொருள், வரலாறு எல்லாம் இவ்வளவுதான். இதற்கு மேல் ஆழமாக எதுவும் இருப்பதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சொன்னவர் ஒருவர் உண்டு. ஏழாம் வகுப்பில் எங்கள் தமிழையா, வகுப்பே சிரித்து ஓய்ந்த பிறகு, என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "போதுமென்ற மனமே பொன்செய்யும் மருந்துன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க, அதைத்தாம்மா உங்க அப்பா பேரா வச்சிருக்காரு" என்று விளக்கம் கொடுத்தார். என் அப்பா ஆரப்பாளையத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். போதுமென்ற மனம் அவரிடம் இருந்திருந்தால் மூன்று பெண்களோடு நிறுத்தியிருப்பார். நான் பிறந்தே இருக்க மாட்டேன். தமிழையாவிடம் அதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு பழமொழி வைத்திருப்பார்.

பெயரை வைத்தவள் அப்பாவின் அக்கா, என் பெரிய அத்தை. பிறந்த குழந்தையின் நாக்கில் சீனித் தண்ணீரைத் தொட்டுவைக்கும் 'சேனை'யும், காதில் மூன்று தரம் பெயர் சொல்வதும் எங்கள் வீட்டில் அத்தையின் உரிமை. சீனித் தண்ணீரைத் தொட்டுவைத்த அதே வாயால் என் காதில் "போதும், போதும், போதும்" என்று சொல்லியிருக்கிறாள். இரண்டு வருடத்தில் தம்பி செல்வம் பிறந்துவிட்டான். அவ்வளவுதான், அத்தையைக் கையால் பிடிக்க முடியவில்லை. பத்து மாதம் சுமந்தவள் என் அம்மா, பேரெடுத்தவள் அத்தை. "நான் வச்ச பேருடி! என் நாக்கு கருநாக்கு இல்ல, பலிக்கிற நாக்கு" என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

தெருவும் நம்பியது. நான் பத்து வயதைத் தொடுவதற்குள் எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலுமாக இன்னும் நான்கு போதும்பொண்ணுகள் முளைத்துவிட்டார்கள். அவர்களில் இரண்டு பேருக்கு அடுத்ததும் தங்கைதான் பிறந்தாள். அதற்காக யாராவது அத்தையின் நாக்கைக் குறை சொன்னார்களா? மூச்! பெயர் பலித்தால் அத்தைக்குப் புகழ், பலிக்காவிட்டால் பெற்றவளுக்குத் திட்டு. ஊர் நியாயம் என்பது எப்போதும் இப்படிச் சௌகரியமான பக்கமாகத்தான் சாயும்.

அதோடு விட்டார்களா? எந்த வீட்டில் வளைகாப்பு நடந்தாலும், முதல் பந்தியில் பிள்ளைத்தாய்ச்சிக்குப் பக்கத்தில் 'ராசியான புள்ள' என்று என்னை உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். பின்னாலேயே ஆண்பிள்ளையைக் கூட்டிவந்தவள் இல்லையா நான்! வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்கிறேன்: எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. பாவாடையை விரித்துக்கொண்டு, கை நிறையக் கண்ணாடி வளையலோடு, ஐந்து வகைச் சோற்றையும் ஒரு கை பார்த்துவிட்டு, பெரிய மனுஷி மாதிரி வீட்டுக்கு வருவேன். பெண்ணாய்ப் பிறந்த என் சாதியை நானே வேண்டாம் என்று சொல்லத்தான் அந்தச் சோறு என்பது ஏழெட்டு வயதில் எனக்கு உறைக்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பில்தான் ஒரு வழி திறந்தது. எங்கள் வகுப்பு டீச்சர் சம்பூர்ணம், கண்டிப்பானவர், என் பெயரைக் கேட்டு உதட்டோரம் சிரித்தவர்களில் அவரும் ஒருவர் என்று நான் கணக்கில் வைத்திருந்தவர், ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறிவிட்டால் பெயரைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு, இந்த மாதத்துக்குள் அப்பா வந்து கையெழுத்துப் போட்டால் பள்ளிப் பதிவிலேயே மாற்றிவிடலாம் என்று சொல்லிவிட்டு, ஒரு படிவத்தைக் கையில் கொடுத்தார். நான் படிவத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"என்ன முழிக்கிற? சம்பூர்ணம்னா என்னன்னு நெனச்ச? முழுசாயிருச்சு, இனிமே வேண்டாம்னு அர்த்தம். நான் அஞ்சாவது பொண்ணு. எங்க வீட்டுல படிச்சவங்க, அதனால வடமொழியில சொல்லிட்டாங்க. அம்புட்டுத்தான் வித்தியாசம்."

பட்டுத்துணியில் சுற்றினாலும் குப்பை குப்பைதான் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. மங்களம் என்ற பெயரில் எத்தனை கடைசிப் பெண்கள் இருக்கிறார்கள் என்று பிறகு நானே விசாரித்துப் பார்த்திருக்கிறேன். கச்சேரி முடிந்தது, எழுந்து போங்கள் என்பதைத்தான் அவர்கள் வீட்டில் ராகத்தோடு சொல்லியிருக்கிறார்கள்.

வசந்தி என்று எழுதுவதாக முடிவு செய்தேன். எங்கள் வகுப்பில் ஏற்கெனவே இரண்டு வசந்திகள் இருந்தார்கள். அதுதான் எனக்குப் பிடித்திருந்தது. கூப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்க்காத பெயர்! ஒரு வாரம் ராத்திரி பகலாக அந்தப் பெயரைக் கணக்கு நோட்டின் பின்பக்கம் எழுதிப் பழகினேன். அப்பா சைக்கிள் ட்யூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டே, "வச்சுட்டுப் போ, எனக்கென்ன? திங்கக்கிழமை வாரேன்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் நினைக்கவேயில்லை.

முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கு அம்மை போட்டது. அந்தக் கோடையில் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு அம்மை. எந்தப் பிள்ளையும் அக்காள் பேரை மாற்றியதால் படுக்கவில்லை. ஆனால் வாசலில் வேப்பிலை செருகிய கையோடு அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"அந்தப் பேருலதேன்டா பயலோட உசுரு நிக்கிது. பேரை எடுத்தா அவனையும் எடுத்துட்டுப் போயிரும். சொல்லிப்புட்டேன், அப்புறம் என்னைய நோகக் கூடாது."

இப்படி ஒரு மடத்தனத்தை நீங்கள் எங்காவது கேட்டதுண்டா? பேர் வைத்தால் ஆண்பிள்ளை வரும், பேரை எடுத்தால் வந்த பிள்ளை திரும்பிப் போய்விடும். ரேஷன் கடையில்கூடக் கொடுத்த சர்க்கரையைத் திரும்பக் கேட்க மாட்டார்கள். இவர்கள் கும்பிட்ட சாமிக்கு அந்த நாகரிகமும் இல்லை. அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அம்மா என்னிடம், "உனக்கு எம்புட்டு வலிக்குதுன்னு தெரியுதுடி. ஆனா பயமா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். நான் யாரையும் மதிக்கவில்லை. அப்பா வராவிட்டால் அவர் கையெழுத்தை நானே போட்டுவிடுவது என்று முடிவுசெய்து, சைக்கிள் கடை ரசீதைப் பார்த்து அதையும் பழகிவிட்டேன்.

செல்வம்தான் என்னை மடக்கினான். உடம்பெல்லாம் கொப்புளத்தோடு வேப்பிலைப் படுக்கையில் கிடந்தவன், நான் தண்ணீர் கொடுக்கப் போனபோது என் பாவாடையைப் பிடித்துக்கொண்டான். பன்னிரண்டு வயதுப் பையன். அடுத்த வீட்டுக் கூரையில் ஏறி ஓடுகிறவன்.

"அக்கா, மாத்தாதக்கா. நீ மாத்துனா நான் செத்துப்போயிருவேன்னு அத்தை சொல்லுது."

"அத்தை கிடக்குது கழுதை. அதெல்லாம் பொய்டா."

"பொய்யா இருந்தாலும் மாத்தாதக்கா."

அதற்கு மேல் நான் என்ன செய்வது? பெரியவர்கள் என்றால் சண்டை போட்டிருப்பேன். படிவத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். திங்கட்கிழமை சம்பூர்ணம் டீச்சர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதிவேட்டைத் திறந்து, அரை மூச்சும் நிறுத்தாமல் என் பெயரைக் கூப்பிட்டார். தம்பி பத்து நாளில் எழுந்து ஓடினான். அத்தை அதையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டாள். ஒரு குழந்தையின் பெயரால் இன்னொரு குழந்தையைப் பயமுறுத்தியவளை நான் அதன் பிறகு மன்னிக்கவில்லை, அவள் செத்த பிறகும்.

எட்டு வருடம் கழித்து, நான் ஒரு அரசு அலுவலகத்தில் எழுத்தராகி, சான்றிதழிலும் சம்பளப் பட்டியலிலும் அதே பெயரைச் சுமந்துகொண்டிருந்தபோது, எனக்கு நேர் மூத்தவளான பாண்டியம்மா அக்கா மூன்றாவதாக உண்டாகியிருந்தாள். ஏற்கெனவே இரண்டும் பெண். "மூணாவதும் பொட்டையாப் போச்சுன்னா நம்ம போதும்பொண்ணு பேரைத்தேன் வைக்கணும்" என்று அத்தை அக்கா வீட்டிலேயே போய் உட்கார்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நான் பஸ் ஏறினேன். அந்தப் பிள்ளைக்காவது இந்தப் பெயர் விழக் கூடாது. வழி நெடுக அத்தையை என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு போனேன்.

அத்தை வாசலிலேயே சிரித்த முகமாக இருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், "பேருக்கெல்லாம் இனி அவசியம் இல்லாமப் போச்சுடி. மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி மிசின்லயே பாத்துட்டாக" என்றாள்.

உள்ளே அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வயிறு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தொட்டேன்.

"பொண்ணுன்னு சொன்னாக," என்றாள். திரும்பவில்லை. "அம்புட்டுத்தான்."

கொண்டுபோன சண்டைக்கு இனி வேலையில்லை. அந்தப் பெயரை விடக் கேவலமாக ஒன்று இருக்க முடியும் என்று அதுவரை நான் நினைத்ததில்லை. எங்களை வேண்டாம் என்று சொல்லவாவது எங்களைப் பிறக்க விட்டார்கள்.

இப்போது எங்கள் பக்கம் யாரும் அந்தப் பெயரை வைப்பதில்லை. ஐம்பது வயதுக்குக் கீழே ஒரு போதும்பொண்ணைக் கண்டுபிடிப்பது கஷ்டம். போன மாதம் ஆள்பெயர்களைப் பற்றி ஆய்வு செய்கிற கல்லூரி மாணவி ஒருத்தி நோட்டும் கையுமாக என்னைத் தேடிவந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில், "மக்கள்கிட்ட விழிப்புணர்வு வந்துதான இந்தப் பேரு மறைஞ்சு போச்சு, மேடம்?" என்று தானே கேட்டு, தானே தலையாட்டி, தானே எழுதிக்கொண்டாள்.

அதை அடித்துவிடச் சொன்னேன்.

"அப்ப என்னன்னு எழுதட்டும், மேடம்?"

பாண்டியம்மா அக்காவின் ஊருக்கு ஆரப்பாளையத்தில் எந்த பஸ் ஏற வேண்டும் என்று சொன்னேன். "போயி, உங்களுக்கு எத்தனை பிள்ளைகன்னு கேளு. ரெண்டு பொண்ணு, ஒரு பையன்னு சொல்லுவா. எத்தனை பிள்ளை சுமந்தீகன்னு கேளு. எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருவா. அதை எழுதிக்க."