விளையாட்டுப் பெட்டியில் ஒரு சுண்ணாம்புப் பொட்டு

மலைமேலிருக்கும் நெல்லிவாசல்நாட்டில் ஜீப் ஓட்டும் மாதையனுக்கு யார்மீதும் நம்பிக்கை கிடையாது. சந்தைக்குப் போகும் புளி மூட்டை, மெக்கானிக்கிடம் விடும் பேட்டரி, ஸ்டெப்னி டயர் என்று கையைவிட்டுப் போகிற எதிலும் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டு ஒரு பொட்டு வைத்துவிடுவார், எவர் கண்ணிலும் படாத இடத்தில். மாற்றினால் கண்டுபிடித்துவிடலாமே! பத்தொன்பது வருடமாக வைக்கிறார்; ஒருத்தரும் மாட்டவில்லை. அதனால் சந்தேகம் குறைந்ததா? எல்லாரும் உஷாராகிவிட்டார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டார்.

இப்பேர்ப்பட்டவர் கம்ப்யூட்டர் வாங்கச் செங்கத்துக்குக் கிளம்பினால் எப்படி இருக்கும்?

காரணம் மகள் அன்பரசி. வேலூரில் நர்சிங் படிக்கிறாள். லீவுக்கு வந்தால் இரண்டே நாள். மூன்றாம் நாள் பையைத் தூக்கிக்கொள்வாள். கேட்டால், "இங்க இன்னாப்பா இருக்குது?" என்பாள். வேலூர் மாலில் காசு போட்டு ஆடும் விளையாட்டுப் பெட்டிமுன் தோழிகளோடு அவள் சிரித்துக்கொண்டு நிற்கும் போட்டோவை மாதையன் பார்த்திருக்கிறார். வீட்டில் அவள் அப்படிச் சிரித்ததே இல்லை. ஒரு கம்ப்யூட்டரை வைத்து அந்தப் பெட்டியை இங்கேயே செய்துவைத்தால் பொங்கலுக்குப் பத்து நாள் இருப்பாள் என்று ஆசைப்பட்டார், பாவம்.

கடைக்காரர் தனசேகரன் பொறுமைசாலி. முதலில் உள்ளங்கை அளவு போர்டு ஒன்றைக் காட்டினார்.

"இது கம்ப்யூட்டரா, தீப்பெட்டியா?" என்றார் மாதையன்.

"பழைய கேமுக்கு இதுவே போதுங்க. சண்டை, ரேஸ் எல்லாம் நல்லா ஓடணும்னா ஆபீஸ்ல கழிச்ச இந்தச் சின்ன சிபியு எடுத்துக்கங்க. நாலு ஜிபி ரேம் ரெண்டு போட்டுத் தர்றேன்."

"ஆபீஸ்ல ஏன் கழிச்சான்?"

"புதுசு வாங்கிட்டாங்க."

"கேம் ஓட்டுற சாப்ட்வேரு?"

"அது இலவசம்ங்க. பென் டிரைவ்ல ஏத்திடுறேன்."

இலவசம் என்றதும் மாதையன் விடவில்லை. "சும்மா குடுக்கிறவனுக்கு இன்னா லாபம்?" என்று நான்கு தடவை கேட்டார். தனசேகரன் சலிக்காமல் ஜாய்ஸ்டிக், பட்டன் எல்லாம் மாட்டி ஓட்டிக் காட்டினார். மூடியைக் கழற்றி, ரேமை உருவி மறுபடி சொருகியும் காட்டினார்.

மாதையன் அந்தச் சின்ன சிபியுவையே வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். மறுநாள் அதை மரப்பெட்டிக்குள் பொருத்த ஆசாரி வரவேண்டும். ஆசாரி எதையாவது மாற்றிவிட்டால்? மாதையன் இரண்டு ரேமையும் உருவினார். மேலே பொட்டு வைத்தால் தெரிந்துவிடும். ஓரத்தில் தங்கப் பல் வரிசைபோல மின்னியது ஓர் இடம், சொருகினால் மறைந்துவிடும். அங்கே ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு வைத்துச் சொருகினார்.

ஆசாரி பொருத்திவிட்டுப் போனார். சுவிட்சைப் போட்டால் பீப் பீப் என்று கத்தியது; திரை கறுப்பு. மாதையன் ரேமை உருவிப் பார்த்தார். பொட்டு அப்படியே இருந்தது. ஆக, ஆசாரி யோக்கியன். அப்படியானால் திருடன் தனசேகரன்!

செங்கத்துக் கடைக்கே போய்ப் பத்துப் பேர் முன்னால் கத்தினார்.

"எடுத்துட்டு வாங்க, பாத்துத் தர்றேன்" என்றார் தனசேகரன்.

"கொண்டாந்தா இருக்கிறதையும் மாத்திடுவ நீ!"

தனசேகரனின் முகம் சுண்டிப்போயிற்று. அடுத்த ஆளைக் கவனிக்கத் திரும்பிக்கொண்டார்.

போகியன்று அன்பரசி வந்தாள். பெட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஓடவில்லை என்றதும் மூடியைக் கழற்றினாள்.

"கடைக்காரன் ஏமாத்திட்டாம்மா."

ரேமை உருவியவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கரண்டு போற எடத்துல சுண்ணாம்பு யாருப்பா வெச்சது?"

மாதையன் சுண்ணாம்பு டப்பியை இடுப்பில் செருகி மறைத்தார். அவள் பையிலிருந்து ரப்பரை எடுத்து இரண்டையும் தேய்த்துத் துடைத்துச் சொருகினாள். திரை பளிச்சென்று எரிந்து பாட்டுப் பாடியது. ஆனால் அவள் ஜாய்ஸ்டிக்கைத் தொடவில்லை. தன் போனின் கவரைக் கழற்றித் திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் காய்ந்துபோன வெள்ளைப் பொட்டு.

"மொதல்ல பாத்தப்போ, கண்ணு படக்கூடாதுன்னு நீ வெச்சிருக்கன்னு நெனச்சேம்பா. பெறகுதான் புரிஞ்சுது. எவனாச்சும் வேற போனு வாங்கிக் குடுத்துட்டானான்னு பாக்கத்தான வெச்ச? ஹாஸ்டல் பெட்டியிலயும் இருக்குது. அதனாலதாம்பா ரெண்டு நாளைக்கு மேல இங்க இருக்க முடியல."

மாதையனுக்கு அவமானத்தில் காது சுட்டது. அழுகையும் வந்தது. ரப்பரை வாங்கிப் போனில் இருந்த பொட்டை அழுத்தித் தேய்த்தார். பிறகு அதே போனில் செங்கத்துக் கடைக்கு அடித்தார்.

"யாருங்க?" என்றது தனசேகரனின் குரல்.

"மாதையன் பேசுறேங்க. ரேமுல சுண்ணாம்பு... நான் வெச்சதுங்க."

அப்போதுதான் அன்பரசி ஜாய்ஸ்டிக்கில் கை வைத்தாள்.