அடிவயிற்று இருமல்

வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் தூக்கும் கூட்டத்தில் அவருக்கு பீரோ என்று பெயர். வயசுப் பிள்ளையாக இருந்தபோது ஓர் இரும்பு பீரோவை முதுகில் வார் போட்டுத் தனியாளாக மூன்று மாடி இறக்கியவர். உள்ளே துணிமணி இருந்ததா என்று கேட்டால், துணிமணியும் இருந்தது, அதை உடுத்துகிற அம்மாவும் இருந்தார் என்பார்.

வயிற்றுவலி வந்தபோது வாயு என்று சொல்லி சோடாவைக் குடித்துவிட்டுத் தூக்கிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் படிக்கட்டிலேயே சுருண்டார். உள்ளே குடல்வால் வெடித்துச் சீழ் பரவியிருந்தது. மருத்துவமனையில் தொப்புளுக்கு மேலே ஆரம்பித்து அடிவயிறு வரை ஒரே கோடாகத் திறந்துவிட்டார்கள். கண் விழித்துக் குனிந்து பார்த்தார். நடுரோட்டில் மரம் நின்றால் வண்டி ஒதுங்கிப் போகுமே, அந்த மாதிரி தொப்புளிடம் மட்டும் கோடு ஒதுங்கிப் போயிருந்தது.

பார்க்க வந்த கூட்டாளிகள் சும்மா போவார்களா. "பீரோவைத் திறந்துட்டாங்களாமே, உள்ள ஏதாச்சும் தேறுச்சா?" என்றான் ஒருவன். சிரித்தால் தையல் சுண்டி இழுத்தது. தலையணையை வயிற்றில் அமுக்கிக்கொண்டு சிரித்தார்.

அந்தக் கூட்டத்தில் ஒரு முறை உண்டு. ஒருவன் படுத்துவிட்டால் அவனே தனக்குப் பதில் ஆள் கொடுக்க வேண்டும். எழுந்து வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சாமானை மாடியிலிருந்து இறக்குவார்கள். பாரம் எல்லாம் கீழ்ப்பக்கம் நிற்பவன்மேல்தான் இறங்கும். திரும்பி வந்தவன் கீழ்ப்பக்கம் பிடிக்க வேண்டும். பிடித்து இறக்கிவிட்டால் இடம் அவனுடையது, பதில் ஆள் ஒதுங்கிக்கொள்வான். முடியவில்லையென்றால் பதில் ஆளே நிரந்தரம். வண்டியில் அதற்கு மேல் ஒருவனுக்கு இடம் கிடையாது.

வெளியாளை விட்டால் இடம் போய்விடும், வீட்டாளை விட்டால் பத்திரமாக இருக்கும் என்று பீரோ கணக்குப் போட்டார். மகளின் புருஷனை அனுப்பினார். மாப்பிள்ளை வேலை பார்த்த கடையை மூடிவிட்டிருந்தார்கள். பெண்டாட்டியோடு மாமனார் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தான். ஒரு வகையில் தோதாகப் போயிற்று.

குறை சொல்லக் கூடாது, பையன் நன்றாகவே பார்த்துக்கொண்டான். தையலின் கீழ்முனை பிளந்து நீர் வடிந்தபோது பெற்ற மகளே முகத்தைத் திருப்பினாள். அவன்தான் தினமும் துடைத்து மருந்து வைத்துக் கட்டினான்.

புண் ஆறியது. ஆனால் படுக்கையிலிருந்து எழும்போது கோட்டின் பக்கத்தில் ஒரு முண்டு கிளம்பியது. கையால் அமுக்கினால் உள்ளே போய்விடும். மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மறுபடி டாக்டரிடம் போனார். டாக்டர் நிற்க வைத்தார், இருமச் சொன்னார். பீரோ மரியாதைக்குக் கொஞ்சம் இருமினார்.

"தொண்டையில இல்லங்க. அடிவயித்துலேர்ந்து இருமுங்க."

இருமினார். குழந்தை முஷ்டி அளவுக்கு அது வெளியே வந்து எட்டிப் பார்த்தது. மேலே தோல் கூடியிருக்கிறது, உள்ளே தைத்தது விட்டுவிட்டது, மறுபடி திறந்து வலை வைத்துத் தைக்க வேண்டும், அதுவரை ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது, குடல் மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். பீரோ எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். வாசலுக்கு வந்ததும் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார்.

"இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும் மாப்பிள்ளை. ஒரு வருஷம் தூக்கிட்டு அப்புறம் பார்த்துக்கலாம்."

"சரி மாமா," என்றான் அவன்.

வேலைக்குத் திரும்பும் நாள் வந்தது. பழைய போர்வையை நீளமாகக் கிழித்து, வயிற்றில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு போனார். மூன்றாம் மாடியில் ஒரு தேக்கு அலமாரி நின்றது. மேல்பக்கம் மாப்பிள்ளை, கீழ்ப்பக்கம் அவர். ஒவ்வொரு திருப்பத்திலும் வயிற்றுக்குள் யாரோ துணி கிழிப்பது மாதிரி இருந்தது. பல்லைக் கடித்தார். மேலே இருப்பவன் பாரத்தைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துப் பிடிக்கலாம், வெளியே தெரியாது. அவன் இழுக்கவில்லை. அலமாரி ஒரு கீறல் இல்லாமல் வண்டியில் ஏறியது. கூட்டாளிகள் முதுகில் தட்டினார்கள்.

கூட்டத்தை நடத்துகிற மேஸ்திரி மட்டும் தட்டவில்லை. சட்டையைத் தூக்கச் சொன்னார். சுற்றியிருந்ததை அவிழ்க்கச் சொன்னார். கோட்டை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, நன்றாகத்தான் ஆறியிருக்கிறது என்றார். பீரோ சட்டையை இறக்கப் போனார்.

"இரு. ஒரு தடவை இருமு, பார்ப்போம்."

பீரோவுக்குக் கை அப்படியே நின்றது. சாமான் தூக்குகிற மேஸ்திரிக்கு இருமலைப் பற்றி என்ன தெரியும்? தொண்டைக்குள்ளேயே லேசாக ஒரு செருமல் செருமினார்.

"தொண்டையில இல்லப்பா. அடிவயித்துலேர்ந்து."

அந்த வார்த்தை டாக்டரின் அறையில் சொல்லப்பட்டபோது அங்கே இருந்தது மூன்று பேர்தான். ஒருவர் சொன்ன டாக்டர். ஒருவர் இங்கே சட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். மூன்றாவது ஆள் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தோள்வாரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். ஏற்கனவே சுருட்டியதைப் பிரித்து மறுபடி சுருட்டினான். தலை நிமிரவில்லை.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மட்டும் என்ன, மேஸ்திரி தெரிந்துதானே கேட்கிறார். பீரோ மாப்பிள்ளையைப் பார்த்தபடியே, அவன் காதில் விழட்டும் என்று, அடிவயிற்றிலிருந்து இருமினார். வந்து நின்றது முஷ்டி. முன்பைவிடப் பெரிதாக.

யாரும் கிண்டல் பண்ணவில்லை. அதுதான் அவரைச் சுட்டது. தினமும் வந்து பாத்திரங்களுக்குக் காகிதம் சுற்றிக் கொடு, அதற்கு ஒரு கூலி தருகிறேன் என்றார் மேஸ்திரி. கண்ணாடி டம்ளருக்குச் சட்டை போடுகிற வேலை. அன்று மாலை வண்டியில் அவருடைய மூலையில் மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தான். அவர் நடந்து போனார்.

ராத்திரிச் சாப்பாட்டில் மாப்பிள்ளைதான் பேச்சை எடுத்தான்.

"உங்க நல்லதுக்குத்தான் மாமா. குடல் மாட்டிக்கிட்டா உயிர் போயிடும்னு டாக்டர் சொன்னாரே."

அவன் சொன்னதில் பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் பீரோ தட்டைத் தூக்கி அடித்திருப்பார். "என் நல்லது உனக்குத் தோதா அமைஞ்சுபோச்சு மாப்பிள்ளை," என்று மட்டும் சொன்னார். மகள் தன் புருஷனின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். வேலை செய்து வந்தவனுக்குப் பசிக்கும்தானே.

பேசியபடியே விழுங்கியதில் பருக்கை ஒன்று தடம் மாறிப் போயிற்று. தொண்டை அரித்தது. மாப்பிள்ளை தண்ணீரை நகர்த்தி வைத்தான், கண் மாமனாரின் வயிற்றில் இருந்தது. பீரோ வாயை இறுக மூடிக்கொண்டு எழுந்தார். கண்ணில் நீர் கோர்த்தது. கதவைத் திறந்து, தெருவைத் தாண்டி, எதிர்ச் சுவர் ஓரம் போய் நின்று, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமினார்.